ஒரே ஆடுகளம், இருவேறு நிலை

கல்வியும் விளையாட்டும் ஒன்றுக்கொன்று பகை என்பது நம் வீடுகளில் வேரூன்றிவிட்ட எண்ணமாகும். தேர்வு நெருங்கினால் பந்து பரண்மேல் ஏறிவிடும். ஆனால், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்விரண்டும் ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்களாக விளங்குகின்றன. கைப்பந்தாட்டத்தில் தேர்ந்த மாணவனுக்கும் மாணவிக்கும் அங்கே கல்விக் கட்டணமே உதவித்தொகையாகக் கிடைக்கக்கூடும். உலகின் பல நாடுகளிலிருந்தும் இளைஞர்கள் இவ்வாய்ப்பை நாடிச் செல்கின்றனர். நாளை அவர்களுள் நம் மாணவர்களும் இருத்தல் கூடும். ஆதலின், அதன் ஒளியோடு நிழலையும் எடைபோட்டுப் பார்ப்பது நம் கடமையன்றோ?

அயல்நாட்டு மாணவன் உள்ளூர் மாணவனோடு தோளுக்குத் தோள் நின்று ஒரே வலையின் முன் ஆடுகிறான். எனினும், அவன் காலடி நிலம் மற்றவன் நிலத்தைப்போல் உறுதியானதன்று. ஆகவே, அவன் அணியின் புகழைக் கண்டு கல்லூரியைத் தேர்தல் ஆகாது. வகுப்பறையைக் கண்டே தேர்தல் வேண்டும். இதுவே இக்கட்டுரையின் கருத்தாகும்.

கைப்பந்து பிறந்ததே அமெரிக்க மண்ணில்தான். 1895ஆம் ஆண்டு மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரின் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் என்பவர் இதனை உருவாக்கினார். முதலில் 'மின்டோனெட்' என்று வழங்கிய இவ்வாட்டம் அடுத்த ஆண்டே இன்றைய பெயரைப் பெற்றது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இதற்குள்ள செல்வாக்கு வியப்பூட்டுவதாகும். 2023 ஆகஸ்டு 30 அன்று நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பெண்கள் அணியின் ஆட்டத்தைக் காண லிங்கன் நகர விளையாட்டரங்கில் 92,003 பேர் திரண்டனர். கல்லூரி மாணவியரின் ஆட்டத்துக்கு இத்துணைக் கூட்டம் என்றால், அக்களத்தில் இறங்க எந்த இளம் உள்ளம்தான் ஏங்காது?

ஏக்கம் இயல்பே. ஆயினும், கணக்கையும் பார்த்தல் வேண்டும். அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. முதலிரு பிரிவுகளில் விளையாட்டுக்கென உதவித்தொகை உண்டு. மூன்றாம் பிரிவில் இல்லை. முதற்பிரிவில் பெண்கள் அணிக்குப் பன்னிரண்டு முழு உதவித்தொகைகள் இருந்த காலத்தில், ஆண்கள் அணி முழுமைக்கும் நான்கரையே வரம்பாக இருந்தது. அந்த நான்கரையை அணியினர் பலரும் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொண்டனர். 2025இல் ஏற்பட்ட நீதிமன்றத் தீர்வுக்குப் பின், அதனை ஏற்ற கல்லூரிகளில் இவ்வரம்பு நீங்கியது. வரம்பு நீங்கியதனாலேயே பணம் வந்துவிடும் என்பதில்லை; கொடுப்பதும் கொடாததும் அந்தந்தக் கல்லூரியின் விருப்பம். ஆகவே, 'உதவித்தொகை கிடைத்துவிட்டது' என்ற செய்தியைக் கேட்டதும், 'முழுமையா, பாதியா?' என்று கேட்பது பெற்றோரின் முதற்கடமையாகும்.

படிப்பின்றி அங்கே ஆட்டம் இல்லை. முதற்பிரிவில் ஆடப் புகுவோன் பள்ளியில் பதினாறு அடிப்படைப் பாடங்களைக் கற்று, நான்கு புள்ளி அளவையில் 2.3 சராசரியேனும் பெற்றிருத்தல் வேண்டும். சேர்ந்த பின்னர் செமஸ்டர்தோறும் பன்னிரண்டு கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் பயிலவேண்டும். போட்டிப் பருவத்தில் பயிற்சியும் ஆட்டமுமாக வாரத்துக்கு இருபது மணி நேரமே உச்சவரம்பு என்று விதி உள்ளது. ஆனால், ஓர் ஆட்டநாள் எவ்வளவு நீண்டாலும் மூன்று மணி நேரமாகவே கணக்கிடப்படுகிறது. பயண நேரம் கணக்கில் சேர்வதே இல்லை. ஏட்டிலுள்ள இருபது உடம்பில் எத்தனையாக இறங்கும் என்பதை ஆடுவோரே அறிவர். இரவெல்லாம் பேருந்தில் வந்து, காலையில் வேற்றுமொழியில் விரிவுரை கேட்கும் மாணவனின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள்!

இனி, நிலத்தின் வேறுபாட்டைக் காண்போம். உள்ளூர் மாணவன் ஒரு பாடத்தைக் கைவிட்டுப் பன்னிரண்டு கிரெடிட்டுக்குக் கீழே இறங்கினால், ஆடும் உரிமையை இழப்பான்; வீடு சென்று, மறு செமஸ்டரில் மீள்வான். அயல்நாட்டு மாணவனோ, உரிய அனுமதியின்றி அவ்வாறு இறங்கினால், அந்நாட்டில் தங்கும் உரிமையையே இழக்க நேரிடும். ஒரே தவறு, ஒருவனுக்கு ஆட்டம் போகிறது, மற்றவனுக்கு நாடே போகிறது!

பணத்திலும் இவ்வேறுபாடு உண்டு. 2021 ஜூலை முதல், கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரங்களுக்கு அளித்துப் பொருளீட்ட இடமளிக்கப்பட்டது. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கவும் வழி பிறந்தது. ஆனால், மாணவர் விசாவில் உள்ளவன் படிப்புக் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் இருபது மணி நேரம் பணியாற்றலாம். வெளியே தனி அனுமதியின்றி ஊதியம் பெறலாகாது. ஆகவே, தோழன் கையெழுத்திடும் விளம்பர ஒப்பந்தத்தை அவன் தள்ளி நின்று பார்க்க நேர்கிறது. வியர்வை ஒன்று, விலை இரண்டு. இதனை நீதி என்று ஏற்க மனம் இடந்தரவில்லை.

பழைய கணக்கும் தொடர்ந்து வரும். 2002இல் ஹவாய்ப் பல்கலைக்கழக ஆண்கள் அணி தேசிய வாகையர் பட்டம் வென்றது. அவ்வணியின் தலைசிறந்த வீரர் கிரேக்க நாட்டினர். பல்கலைக்கழகத்தில் சேருமுன் தாய்நாட்டில் அவர் தொழில்முறை அணியோடு ஆடியிருந்தார் என்று கூறி, பின்னர் அப்பட்டம் பறிக்கப்பட்டது. ஓர் இளைஞரின் பழைய ஆட்டத்தால் அணி முழுவதன் உழைப்பும் ஏட்டிலிருந்து நீங்கியது. அதே பல்கலைக்கழகம் 2021இலும் 2022இலும் மீண்டும் வாகை சூடியபோதும், பல்கேரியா, நார்வே, கிரீஸ் நாட்டு மாணவர்கள் அதன் தூண்களாக நின்றனர் என்பது நோக்கற்பாலது. அவ்விதிகள் பிற்காலத்தில் தளர்ந்துள்ளன. எனினும், எங்கெங்கு ஆடினாய், என்ன பெற்றாய் என்ற கேள்வி எழவே செய்யும். ஊர்ப் போட்டியில் பெற்ற பரிசுப் பணமாயினும் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுதல் அறமும் ஆகும், காப்பும் ஆகும்.

நம் பிள்ளைகளுக்கு இன்னும் ஒன்று உண்டு. ஆண்கள் கைப்பந்துப் பருவம் அங்கே சனவரி முதல் மே வரை நடைபெறுகிறது. இவ்வாண்டுகளில் ரமலான் மாதம் அப்பருவத்துள்ளேயே வருகிறது. நோன்பிருந்து ஆடவிருப்பதைப் பயிற்சியாளரிடம் முதல்நாளே தெளிவாக உரைத்தல் நலம். 2020இல் டென்னசி மாநிலத்தில் பள்ளி மாணவி ஒருவர், முன் அனுமதி பெறாமல் தலைமறைப்பு அணிந்தமைக்காகக் கைப்பந்து ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். அம்மாணவி வாளாவிருக்கவில்லை; குரல் எழுப்பினார். 2021இல் அந்நாட்டுப் பள்ளிக் கைப்பந்து விதியில் முன் அனுமதித் தேவையே நீக்கப்பட்டது. அமைதியாகவும் உறுதியாகவும் கேட்டால் விதிகளும் வளையும் என்பதற்கு இது சான்று.

'இலவசமாகப் படிக்கவைக்கிறார்கள், மருத்துவரும் தனிப்பாட ஆசிரியரும் தருகிறார்கள், இதில் குறை காண்பானேன்?' என்று சிலர் வினவலாம். அவர்கள் தருவது பெரிது என்பதை மறுப்பாரில்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு அது வாழ்வையே மாற்றும் வாயில். ஆயினும், அது தானமன்று, உழைப்புக்கு ஈடு. ஈடு என்றால், அதன் கூறுகளை முன்னரே எழுத்தில் அறியும் உரிமை மாணவனுக்கு உண்டு. அறிவிக்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு உண்டு.

எனவே, புறப்படுமுன் கேட்கவேண்டிய கேள்விகள் சில. உதவித்தொகை ஓராண்டுக்கா, பட்டம் பெறும்வரையா? முழங்கால் முறிந்தால் மருத்துவச் செலவு யாருடையது, படிப்பு தொடருமா? அழைத்த பயிற்சியாளர் வேறு கல்லூரிக்குச் சென்றுவிட்டால் நிலை என்ன? விரும்பும் பாடத்தின் ஆய்வக வேளையும் பயிற்சி வேளையும் மோதுமா? எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை முதல் பந்தே தொடாவிட்டாலும் இக்கல்லூரியில் படிக்க மனம் விரும்புமா? இக்கடைசி வினாவுக்கு 'ஆம்' என்று விடை வருமாயின், தயங்காமல் செல்லலாம். 'இல்லை' என்றால், எவ்வளவு புகழ்பெற்ற அணியாயினும் மறுத்தலே அறிவுடைமை.

சமுதாயப் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து ஒருவன் அயல்நாடு செல்கையில் மாலையிட்டு வழியனுப்புகிறோம், மகிழ்ச்சியே. அம்மாலைக்கு முன்பாக, அவன் கையிலுள்ள ஒப்பந்தத்தை ஆங்கிலமும் சட்டமும் அறிந்த ஒருவரைக்கொண்டு வரி வரியாகப் படித்துக்காட்டச் செய்வோமாயின், அதுவே பேருதவியாகும். தாவிக் குதிக்கும் கால்கள் ஒருநாள் தளரும், பயிற்சியாளர் மாறுவார், அரங்கின் ஆரவாரமும் அடங்கும். முறையாகப் பெற்ற பட்டம் ஒன்றே அவனோடு விமானம் ஏறித் தாயகம் திரும்பும். மாணவச் செல்வங்கள் அதனை மனத்திற்கொண்டு ஆடுவார்களாக!