வேலைநிறுத்தம் முடிந்த பிறகு

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9-ஆம் தேதி தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தது. அமைச்சர்கள் முன்னிலையில் பேச்சுவார்த்தை நடந்து, போராட்டத்தில் பங்கேற்றவர்களைப் பழிவாங்குவதில்லை என்ற உறுதியோடு தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். அவர்களின் தொழிற்சங்கம் 2025 ஜனவரியில் பதிவானது. அடுத்த மாதமே சங்க நிர்வாகிகள் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட, ஆலைக்குள் உள்ளிருப்புப் போராட்டம் மூண்டது. அதைத் தொடர்ந்து மேலும் பலர் பணியிடை நீக்கம் ஆனார்கள். ஒழுங்குமீறலுக்காக எடுத்த நடவடிக்கை என்றது நிர்வாகம், பழிவாங்கல் என்றது சங்கம். இதில் எது உண்மை என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் முனையவில்லை. தண்டனை விழுவதற்கு முன்பே அந்தக் கேள்வியை விசாரிக்க நடுநிலையான ஓர் ஆள் இல்லாமல் போனதே எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது. வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களில் ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். பந்தலைப் பிரித்த பிறகுதான் தொழிலாளி தனியாகிறார். சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு மிகவும் தேவைப்படுவது அப்போதுதான்.

இந்தப் பிரச்சினைக்கு மெட்ராஸில் நூறாண்டு வரலாறு உண்டு. 1918-இல் தொடங்கிய மெட்ராஸ் தொழிலாளர் சங்கத்தின் தலைவர் பி.பி. வாடியா மீது ஆலை முதலாளியான பின்னி நிறுவனம் நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றத்தில் தடையாணையும் பெற்றது. அவர் சங்கத்தை விட்டு விலகிய பிறகே வழக்கு ஓய்ந்தது. அந்த அதிர்ச்சியின் விளைவுகளில் ஒன்றுதான் 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். சங்கத்தையும் அதன் நிர்வாகிகளையும் இத்தகைய சிவில் வழக்குகளிலிருந்து அது காத்தது. சாதாரண உறுப்பினரின் வேலையை அது காக்கவில்லை. சட்டப்படியான வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக ஒருவரை நீக்குவது 'முறையற்ற தொழில் நடவடிக்கை' என்று தொழிற்தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் சேர்க்கப்பட, 1982-இன் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கெட்ட எண்ணத்தோடு செய்யும் இடமாற்றமும் அதே பட்டியலில் இடம்பெற்றது. ஆக, காகிதத்தில் பாதுகாப்பு இல்லாமல் இல்லை.

பிறகு ஏன் அது கைக்கு எட்டுவதில்லை? காலம்தான் முதல் காரணம். குஜராத் ஸ்டீல் டியூப்ஸ் வழக்கைப் பாருங்கள். 1973-இல் வேலைநிறுத்தம் செய்த 853 பேரை நிர்வாகம் ஒட்டுமொத்தமாக நீக்கியது. சட்டவிரோத வேலைநிறுத்தமே ஆனாலும், அதில் வெறுமனே பங்கேற்றார் என்பதற்காக ஒருவரின் வேலையைப் பறிக்க முடியாது, ஒவ்வொருவரின் பங்கையும் தனித்தனியே நிறுவ வேண்டும் என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அமர்வின் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. மகத்தான தீர்ப்பு, ஆனால் அது வந்தது 1979 நவம்பரில். கூலியை நம்பியிருக்கும் குடும்பம் ஆறேழு ஆண்டு எப்படிக் காத்திருக்கும்? அதற்குள் பிள்ளைகளின் படிப்பு நின்றிருக்கும், கடன் வட்டியோடு வளர்ந்திருக்கும். கடைசியில் வேலை திரும்பக் கிடைத்தாலும், பக்கத்து ஆலைத் தொழிலாளி கற்றுக்கொள்வது வேறு பாடத்தைத்தான்: வழக்கில் ஜெயிப்பதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது லாபம்.

இரண்டாவது காரணம், தண்டனை எப்போதும் பணிநீக்கமாக வருவதில்லை. மெமோ, இன்கிரிமென்ட் நிறுத்தம், ஓவர்டைம் மறுப்பு, இரவு ஷிப்டுக்கு மாற்றம், பழக்கமில்லாத பிரிவுக்கு மாற்றம் என்று அது சில்லறையாகவும் வரும். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் மெமோகூட வேண்டாம். மறுநாள் அவரது கேட் பாஸ் வேலை செய்யாது, அவ்வளவுதான். பிரிட்டனில் ஒரு பராமரிப்பு ஊழியர் வேலைநிறுத்தத்தை ஒட்டி இடைநீக்கம் செய்யப்பட்டார். வழக்கமான சம்பளம் வந்தது, ஓவர்டைம் பணம் மட்டும் போயிற்று. பணிநீக்கத்துக்குக் குறைவான இத்தகைய தண்டனைகளைத் தடுக்க அந்நாட்டுச் சட்டத்தில் இடமே இல்லை என்றும், அது சங்கம் கூடும் மனித உரிமைக்கு முரணானது என்றும் 2024 ஏப்ரலில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்த ஓட்டையை அடைக்க 2025-இல் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

நாமோ எதிர்த்திசையில் நகர்ந்திருக்கிறோம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு, முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயத்தை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. 14 நாள் காத்திருக்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போதும் அது முடிந்து ஏழு நாள் வரையும் வேலைநிறுத்தம் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமே. மீறினால் தொழிலாளிக்கு அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. சட்டப்படியான வேலைநிறுத்தத்துக்கு மட்டுமே பாதுகாப்பு என்று வைத்துவிட்டு, சட்டப்படி வேலைநிறுத்தம் செய்வதைக் கடினமாக்கினால், அந்தப் பாதுகாப்பு எத்தனை பேருக்குப் பயன்படும்?

மறுதரப்பின் வாதங்கள் இலேசானவை அல்ல. பேருந்தும் மருத்துவமனையும் பள்ளியும் நின்றால் முதலில் தவிப்பது ஏழைகள்தான். ஆகவே அத்தியாவசியச் சேவைகளில் முன்னறிவிப்பும் குறைந்தபட்சச் சேவையும் கேட்பது நியாயம். ஆனால் ஒரு வேலைநிறுத்தத்துக்கு நிபந்தனை விதிப்பது வேறு, அதில் கலந்துகொண்டவரைப் பிறகு வேட்டையாடுவது வேறு. வன்முறை நடந்தால் செய்தவர் மீது வழக்குப் போடட்டும். கும்பலாகத் தண்டிப்பதற்கு அது சாக்காகக் கூடாது. முதலீடு வேறு மாநிலத்துக்கு ஓடிவிடும் என்ற அச்சமும் உண்டு. பழிவாங்கலுக்குத் தடை இருந்தால் சச்சரவுகள் குறையவே செய்யும் என்பது என் கணிப்பு. சுங்குவார்சத்திரத்தில் 2025-இல் வெடித்த போராட்டம் சம்பளத்துக்காகத் தொடங்கியதல்ல, பணியிடை நீக்கத்துக்கு எதிராகத் தொடங்கியது. தவிர, வேலைநிறுத்தம் தொழிலாளிக்கு இலவசமும் அல்ல. வேலை இல்லையேல் கூலி இல்லை என்ற விதியின் கீழ் முதல் நாளிலிருந்தே அவர் விலை கொடுக்கிறார். அதற்கு மேலும் ஒரு தண்டனை எதற்கு?

தகராறு நிலுவையில் இருக்கும்போது, அதோடு தொடர்புடைய காரணத்துக்காகத் தண்டிக்க முன் அனுமதி பெற வேண்டும் என்ற விதி நம் சட்டத்தில் பழையது. அதை வேலைநிறுத்தம் முடிந்த பிறகும் ஓராண்டுக்கு நீட்டிக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. இடமாற்றம், பணியிடை நீக்கம், ஒப்பந்த முறிவு எல்லாம் அதற்குள் வரட்டும். காரணம் வேறு என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்தின் தலையில் இருக்கட்டும். தொண்ணூறு நாளில் முடிவு வராவிட்டால் முழுச் சம்பளத்தோடு வேலைக்குத் திரும்பும் உரிமையும் வேண்டும். தொழிலாளர் துறை பொதுப்பட்டியலில் இருப்பதால், குடியரசுத் தலைவரின் ஒப்புதலோடு மாநிலமே இதற்குத் திருத்தம் கொண்டுவரலாம்.

இதைத் தனியார் ஆலைகளிடம் கேட்கும் அரசு, தன் ஊழியர் விஷயத்திலும் பதில் சொல்லியாக வேண்டும். 2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் ஊழியர்களை விசாரணையின்றி வீட்டுக்கு அனுப்பியது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது என்றது உச்ச நீதிமன்றம். நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்துத்தான் பெரும்பாலோர் திரும்ப முடிந்தது. 2019-இல் ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ–ஜியோவின் போராட்டத்தின்போது ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குறிப்பாணைகளும் இடமாற்றங்களும் பறந்தன. பின்னாளில் அந்த நடவடிக்கைகளை அரசே திரும்பப் பெற்றது. திரும்பப் பெற்றது நல்லது, ஆனால் அது ஆட்சியாளரின் கருணையாக இருந்தது, ஊழியரின் உரிமையாக இல்லை. வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் 1973-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22-ஆம் விதி இன்னும் அப்படியே இருக்கிறது. அதைத் திருத்த சட்டமன்றம் கூட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.