மாண்டவன் பொருளுக்கு வாரிசு யார்?

ஆதிச்சநல்லூரில் மாண்டவர்க்கென மண்ணில் புதைத்த தாழிகளை 1876இல் ஜாகோர் பெர்லினுக்கு ஏற்றிச் சென்றான். செத்தவன் பொருளுக்கு வந்தவன் வாரிசு! கம்பெனிகள் செத்தாலும் கதை அதுதான்.

1896இல் லாகூரில் முளைத்த பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனி 1934இல் சென்னை மவுண்ட் ரோட்டில் மாளிகை வாங்கிற்று. எவன் பணம்? வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பிரீமியம் செலுத்தியவன் பணம்! அந்த நிதியில்தான் டால்மியா கைவைத்தார். 1955 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அதை அம்பலமாக்கினார் பெரோஸ் காந்தி. 1956 ஜனவரி 19இல் அவசரச் சட்டம் பிறந்தது. 245 நிறுவனங்களின் ஆயுள் இன்ஷூரன்ஸ் அரசின் கைக்கு வந்தது.

எடுத்தது தவறல்ல. எடுத்தபின் நடந்தது என்ன? 1957இலேயே முந்த்ராவின் பங்குகளில் ஒன்றேகால் கோடியைக் கொட்டினர். மறு ஆண்டு நிதியமைச்சர் கிருஷ்ணமாச்சாரி பதவி துறந்தார். மாளிகையையோ, பேணவும் மனமின்றி, 2006இல் இடிக்கத் துணிந்தனர்! நீதிமன்றம் ஏறித்தான் அது பிழைத்தது.

கேட்கிறோம்: டில்லி காவலனா, உடைமைக்காரனா? நாளை வெளிமாநிலக் கம்பெனி ஒன்று கதவடைத்தால், இங்குள்ள அதன் சொத்தை ஏலமிட்டு வரும் முதல் காசு தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் பாலிசிதாரனுக்கே என்று சட்டத்தில் எழுதுங்கள்!