இலையுதிர் காலம் இல்லாத மரம்

மே மாதம் பிறந்ததும் டொராண்டோவின் நாற்றுக்கடைகளில் ஜப்பானிய மேப்பிள்களை வாசலிலேயே வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இடுப்பளவு உயரம், கருஞ்சிவப்பு இலை, கழுத்தில் விலைச்சீட்டு. சாதாரண மரக்கன்றுகளைவிடப் பல மடங்கு விலை. புதுவீடு வாங்கிய நம்மவர்கள் முன்புறத்தில் எதை நடலாம் என்று கேட்டு வரும்போது, கடைக்காரர் சுட்டிக்காட்டுவதும் அவர்கள் விரும்பி எடுப்பதும் பெரும்பாலும் இந்தச் சிவப்பைத்தான். அழகான மரம் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வசந்தம் முதல் இலை உதிரும்வரை ஒரே சிவப்பில் நிற்கும் மேப்பிளைத் தேடித்தேடி வாங்குவது, மேப்பிள் என்ற மரத்திடமிருந்து அதன் சாரத்தைப் பிடுங்கிவிட்டுச் சக்கையை வாங்குவதற்கு ஒப்பானது என்று எண்ணுகிறேன். இதைச் சொன்னால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மரத்துக்கு ஏது சாரம் என்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜப்பானிய மொழியில் இம்மரத்துக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கயேதே. தவளையின் கை என்று பொருள்படும் பழஞ்சொல்லிலிருந்து மருவி வந்தது. விரிந்த இலையைப் பார்த்தவர்கள் அந்தப் பெயரை எளிதில் ஒப்புக்கொள்வார்கள். மற்றொன்று மொமிஜி. இது முதலில் பெயர்ச்சொல்லே அல்ல. இலை நிறம் மாறுதலைக் குறித்த ஒரு வினையிலிருந்து பிறந்த சொல். மாறுதல் என்ற செயல் மெல்ல மாறிய இலைக்குப் பெயராகி, பிறகு எல்லாவற்றையும்விட அழகாக மாறுகிற மரத்துக்கே பெயராக நிலைத்துவிட்டது. எட்டாம் நூற்றாண்டுத் தொகைநூலான மன்யோஷுவில் இச்சொல்லை மிகுதியும் 'மஞ்சள் இலை' என்ற சீன எழுத்துகளால்தான் எழுதியிருக்கிறார்கள். 'சிவப்பு இலை' என்ற எழுத்து வழக்கு பின்னால் வந்து வென்றது. அதாவது தொடக்கத்தில் இந்த ரசனைக்கு எந்த நிறம் என்பது முக்கியமாக இருக்கவில்லை, நிறம் மாறுகிறது என்பதே முக்கியமாக இருந்தது.

தோட்டங்களில் நாம் காணும் ஏஸர் பால்மாட்டம் என்ற இனத்துக்கு அந்த லத்தீன் பெயரைச் சூட்டியவர் 18ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குச் சென்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க். ஜப்பானியர்களோ அதை இரோஹா மொமிஜி என்கிறார்கள். இரோஹா என்பது அவர்களுடைய பழைய எழுத்து வரிசை. இலையின் ஏழு மடல்களையும் அந்த வரிசையின் முதல் ஏழு எழுத்துகளைச் சொல்லி எண்ணலாம் என்பதால் வந்த பெயர். அகர முதல எழுத்துகளைச் சொல்லி விரல்விட்டு எண்ணப்படும் ஓர் இலை! துன்பெர்க்கின் பெயருக்கு 'உள்ளங்கை போன்றது' என்பதற்குமேல் பொருளில்லை.

வகைகளின் பெயர்களுக்கு வந்தால் இன்னும் சுவாரசியம். ஷிகிதட்சு சாவா என்று ஒரு வகை. இளமஞ்சள் கலந்த வெளிறிய இலையில் பச்சை நரம்புகள் வலைபோல ஓடும். 'உள்ளான் பறவை எழும் சதுப்பு நிலம்' என்பது அப்பெயரின் பொருள். பன்னிரண்டாம் நூற்றாண்டுத் துறவிக் கவி சாய்கியோவின் புகழ்பெற்ற இலையுதிர்கால அந்திப் பாடல் ஒன்றிலிருந்து எடுத்தது. தமுகேயாமா என்பது தொங்கும் கிளைகளும் நூல்நூலாகப் பிளந்த இலைகளும் கொண்ட வகை. அந்தப் பெயர் சுகவாரா நோ மிச்சிஸானே கடவுளுக்குக் காணிக்கையாக மேப்பிள் இலைகளைக் காட்டிப் பாடிய இடத்தின் பெயர். அக்கவிதை 'நூறு கவிஞர் நூறு கவிதை' தொகுப்பில் 24ஆவதாக இடம்பெற்றது. தட்சுதா என்ற வகை, மேப்பிள் இலைகள் மிதந்துசெல்வதற்கென்றே கவிதையில் இடம்பெற்ற ஆற்றின் பெயரைக் கொண்டிருக்கிறது. நம் குறிஞ்சியும் நெய்தலும் மலரின் பெயராகவும் நிலத்தின் பெயராகவும் கவிதைத் திணையின் பெயராகவும் ஒரே சமயத்தில் நிற்பதை அறிந்த வாசகருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஷிகிதட்சு சாவாவை மேற்கத்தியப் பட்டியல்களில் நெடுங்காலம் 'ரெட்டிகுலாட்டம்' என்று விற்றிருக்கிறார்கள். வலைப்பின்னல் கொண்டது என்று பொருள். சரிதான், வலை இருக்கிறது. பறவைதான் பறந்துவிட்டது.

இந்த இடத்தில் எனக்கு எதிராகச் சொல்லத்தக்க ஒரு வாதத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர்கள் இயற்கையை இயற்கையாகவே விட்டுவைத்த புனிதர்கள் அல்லர். எடோ நகரின் வடபுறத்தில் இருந்த சொமேய் என்ற தோட்டக்காரர் கிராமத்தில் வாழ்ந்த இதோ இஹேய், 1710இல் வெளியிட்ட தோட்டக்கலை நூலில் மேப்பிளில் மட்டும் 36 வகைகளைப் படத்துடன் பட்டியலிட்டிருக்கிறார். வெள்ளைத் திட்டு விழுந்தவை, இலை சுருண்டவை, பட்டை சிவந்தவை என்று விநோதங்களைத் தேடித்தேடிச் சேர்த்த ஒரு பித்து அது. கோடையிலும் சிவந்திருக்கும் நோமுரா போன்ற வகைகளும் அங்கே பழையவைதான். 1890இல் தொடங்கப்பட்ட யோகோஹாமா நாற்றுப்பண்ணை போன்ற நிறுவனங்கள் இவற்றைக் கப்பலேற்றி மேற்குக்கு விற்றன. ஆகவே 'கிழக்கின் தூய ரசனையை மேற்கின் சந்தை கெடுத்துவிட்டது' என்ற வழக்கமான புலம்பல் இங்கே செல்லாது.

ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. அந்தப் பட்டியலில் எப்போதும் சிவந்த மரம் பலவற்றுள் ஒன்று. அதற்கு அருகே தேஷோஜோ உண்டு: ஏப்ரலில் செந்தூரமாகத் துளிர்த்து, கோடையில் பச்சையாகி, இலையுதிர் காலத்தில் மீண்டும் சிவக்கும். ஓசகாசுகி உண்டு. கோடை முழுக்க யாரும் திரும்பிப் பார்க்காத பச்சை மரமாக நின்றுவிட்டு, இலையுதிர் காலத்தில் சில நாட்கள் மட்டும் கண்ணைக் கூசவைக்கும் சிவப்பில் எரியும். தோட்டம் என்பது இவற்றுக்கிடையே நகரும் கால வேறுபாடு. இன்று பெயர் பெற்ற வகைகள் ஆயிரத்துக்கு மேல் என்கிறார்கள். இரண்டாம் உலகப்போரின்போது உணவுப்பயிருக்கும் விறகுக்குமாகப் பண்ணைகள் அழிந்து பல பழைய வகைகள் தொலைந்துபோன பிறகு உள்ள கணக்கு இது. ஆரகன் மாநிலத்தின் ரோஸ்பர்க் நகரில் பண்ணை வைத்திருந்த ஜே. டி. வெர்ட்ரீஸ் எஞ்சியவற்றைத் தேடித் திரட்டி, பெயர்க் குழப்பங்களைத் தீர்த்து, 1978இல் ஒரு நூலாக்கினார். இத்தனைக்கும் பிறகு நம் ஊர்க் கடை வாசலுக்கு வந்துசேர்வது எத்தனை வகை? பெரும்பாலும் நான்கைந்து, அவற்றுள் மூன்று சிவப்பு. அவற்றில் தலையாயது பிளட்குட். பெயரில் இரத்தம் இருப்பதால் நிறத்தைக் குறிக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். அது லாங் ஐலண்டில் இருந்த ஒரு பழைய நாற்றுப்பண்ணைக் குடும்பத்தின் பெயர்.

சிவப்பு எப்படி வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் நிறமி கோடையிலும் இலையில் இருப்பதுதான். பச்சையம் சிதையும்போது அது வெளித்தெரிகிறது. சிவப்போ பெருமளவு புதிதாகச் செய்யப்படுவது. நல்ல வெயிலடிக்கும் பகலும் உறைபனியில்லாத குளிர்ந்த இரவும் தொடர்ந்து வரும்போது, விழப்போகிற இலை தன்னிடம் எஞ்சிய சர்க்கரையைக் கொண்டு அந்தோசயனின் என்ற நிறமியை உண்டாக்குகிறது. உதிர்வதற்கு முன் இத்தனை செலவு எதற்கு என்பதில் அறிவியலாளர்களுக்குள்ளேயே இன்னும் ஒருமித்த கருத்தில்லை. பிளட்குட் வகையில் இந்த நிறமி துளிர்விடும்போதே பச்சையத்தின்மீது திரையாக விழுந்துவிடுகிறது. அக்டோபரில் அது சற்றே ஒளிகூடிச் சிவக்கிறது என்பது உண்மை. ஆனால் ஐந்து மாதங்களாகச் சிவப்பையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த வேறுபாடு உறைப்பதில்லை.

இதுவரை சொன்னது ரசனை. ரசனையை அவரவர் விருப்பம் என்று ஒதுக்கிவிடலாம். ஒதுக்கமுடியாத பகுதி இனிமேல்தான்.

ஜப்பானிய மேப்பிளுக்கு விலை கொடுக்க முடியாதவர்களும் பெரிய மரம் வேண்டுவோரும் அதே கருஞ்சிவப்புக்காக வாங்கியது கிரிம்ஸன் கிங் என்ற வகை. இது ஜப்பானியது அல்ல, நார்வே மேப்பிள். ஐரோப்பாவிலிருந்து 1756இல் ஃபிலடெல்ஃபியாவின் ஜான் பார்ட்ரம் வழியாக அமெரிக்கா வந்த இனம். 1930க்குப் பின் டச்சு எல்ம் நோய் வட அமெரிக்க நகரங்களின் எல்ம் மரங்களைத் தெருத்தெருவாகக் கொன்றபோது, புகையையும் உப்பையும் இறுகிய மண்ணையும் தாங்கும் என்பதால் வெற்றிடங்களிலெல்லாம் நார்வே மேப்பிளை நட்டார்கள். டொராண்டோவின் பழைய குடியிருப்புகளில் இன்றும் எங்கு திரும்பினாலும் அதுதான். இலைக்காம்பைக் கிள்ளினால் வெண்பால் கசியும். சர்க்கரை மேப்பிளில் அது இருக்காது. கோடை முடிவில் இலைகளில் தார் தெறித்ததுபோல் கரும்புள்ளிகள் விழுந்திருந்தால் அநேகமாக அதுவே.

இந்த மரம் வீட்டுவாசலோடு நிற்பதில்லை. அதன் இறக்கை விதைகள் காற்றில் சுழன்று நகரைக் கீறிச்செல்லும் ஓடைப்பள்ளத்தாக்குகளில் விழுகின்றன. அடர்ந்த நிழலிலும் முளைக்கும். முளைத்தபின் தானே அதைவிட அடர்ந்த நிழலை விரிக்கும். உள்ளூர் மரங்கள் இலையுதிர்த்த பின்னும் பல நாட்கள் பச்சையாக நின்று ஒளியைச் சேர்த்துக்கொள்ளும். அதன் கீழே சர்க்கரை மேப்பிளின் கன்றுகளும் ட்ரில்லியம் போன்ற வசந்தகாலக் காட்டுப்பூக்களும் அருகிப்போகின்றன. மாசசூசெட்ஸ் மாநிலம் இதை விற்பதற்கே தடைவிதித்துவிட்டது. 2009 முதல் அங்கே நாற்றாகப் பெருக்கவும் முடியாது. நியூ ஹாம்ப்ஷயரிலும் தடை உண்டு.

எல்லாவற்றையும்விட என்னைத் தொந்தரவு செய்யும் செய்தி வேறொன்று. கிரிம்ஸன் கிங் ஒட்டுக்கன்று. ஒட்டில்தான் அந்தச் சிவப்பு மாறாமல் தொடரும், விதையில் அப்படியே தொடர்வதில்லை. அதன் விதைகளிலிருந்து பச்சை இலை கொண்ட சாதாரண நார்வே மேப்பிள்களும் பிறக்கின்றன. உங்கள் வாசலில் அலங்காரமாகச் சிவந்து நிற்கும் மரத்தின் பிள்ளைகள் பள்ளத்தாக்கில் பச்சையாக நிற்கின்றன. மாலைநடை போகும்போது நீங்கள் அவற்றைக் கடந்தே செல்கிறீர்கள். அவற்றைக் கனடாவின் காடு என்றே நினைத்துக்கொள்கிறீர்கள். நினைப்பதில் குற்றமில்லை. 2013 சனவரியில், புதிய பாலிமர் பணத்தாள்களில் உள்ள இலை நார்வே மேப்பிளைப் போலிருக்கிறது என்று ஒரு தாவரவியலாளர் சுட்டிக்காட்டினார். எந்த ஒரு குறிப்பிட்ட இனமும் அல்ல, கலைவடிவம்தான் என்று கனடா வங்கி விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது.

இதைப் பேசும்போதெல்லாம் ஒரு நண்பர் தவறாமல் கேட்பார்: நாமே வந்தேறிகள், நாம் எப்படி ஒரு மரத்தை வந்தேறி என்று ஏசலாம்? கேள்வியின் வலி எனக்குப் புரிகிறது. 'இந்த மண்ணுக்குரியது', 'அந்நியமானது' என்ற சொற்கள் மனிதர்மீது பிரயோகிக்கப்படும்போது எங்கே கொண்டுபோய்விடும் என்பதைத் தமிழர்களுக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் உவமையை அதற்குரிய எல்லையில் நிறுத்த வேண்டும். குடியேறியவன் அண்டைவீட்டாரோடு பேசலாம், சட்டத்துக்குப் பதில் சொல்லலாம், தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம். மரத்தால் இதெல்லாம் ஆகாது. அதன் பொருட்டுப் பதில் சொல்ல வேண்டியவர் அதை நட்டவர். தவிர, எல்லா அயல்மரங்களையும் நான் எதிர்க்கவில்லை. ஜப்பானிய மேப்பிளும் அயல்மரம்தானே. அமெரிக்காவின் கிழக்கில் சில இடங்களில் அதுவும் தோட்டம் தாண்டி முளைப்பதாகப் பதிவுகள் உண்டு. ஆயினும் நார்வே மேப்பிளின் பரவலோடு அதை ஒப்பிட முடியாது.

மாறுதல் என்று தொடக்கத்தில் சொன்னேன். அந்த மாறுதலுக்கே இப்போது நெருக்கடி. ஜப்பான் வானிலை நிறுவனம் 1953 முதல் நாடெங்கும் குறிப்பிட்ட மேப்பிள் மரங்களில் நிறம் மாறும் நாளைப் பதிவுசெய்து வருகிறது. சராசரியாகப் பத்தாண்டுக்கு மூன்று நாள் வீதம் அந்த நாள் பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. 2021இல் அந்நிறுவனம் குயில், தவளை, தும்பி என்று உயிரினங்களைக் கவனிக்கும் பணி முழுவதையும் நிறுத்தி, செடிகொடிகளிலும் ஆறு வகைகளை மட்டும் வைத்துக்கொண்டது. அந்த ஆறில் மேப்பிள் ஒன்று. பழைய கவிதைகள் எந்த மாதத்தைப் பாடினவோ அந்த மாதத்தில் மரம் இன்னும் பச்சையாக நிற்கும் காலம் நெருங்கிவிட்டது. இந்த நிலையில், மாறவே மாறாத சிவப்பை விரும்புகிற மனம் இழப்பையும் கவனிக்காமல் விட்டுவிடும் என்பதே என் அச்சம். கோடையிலேயே சிவந்த மரத்தின் உரிமையாளருக்கு இலையுதிர் காலம் இரண்டு வாரம் தாமதித்தது எப்படித் தெரியும்?

எதை நடுவது என்று கேட்பவர்களுக்கு: இடம் இருந்தால் சர்க்கரை மேப்பிள். இடமில்லையென்றால் ஓசகாசுகி போன்ற பச்சை வகையைக் கடைக்காரரிடம் கேட்டு வரவழையுங்கள். கேட்காமல் அவர் கொண்டுவரப்போவதில்லை. குளிர்காலத்திலும் பார்க்க ஏதேனும் வேண்டுமென்றால் செம்பழுப்புப் பட்டை காகிதம்போல உரியும் ஏஸர் கிரிசியம் இருக்கிறது. வில்சன் என்ற தாவரத் தேடலாளர் 1901இல் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. சீனக் காடுகளில் இன்று அருகிவிட்ட மரம். அதன் விதைகளில் பெரும்பாலானவை வெற்றுக்கூடுகள் என்பதால் பள்ளத்தாக்கைப் பற்றிய கவலையும் குறைவு. ஜப்பானிய வகை எதுவானாலும் பிற்பகல் வெயிலும் வாடைக்காற்றும் நேராகத் தாக்காத இடத்தில், தண்ணீர் தேங்காத மண்ணில் வையுங்கள். வேர் மேலோட்டமாகவே ஓடும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் கிளறாமல் மரத்தூளோ சருகோ பரப்பிவிட்டால் போதும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளை முளைத்தால் வெட்டிவிடுவார்கள். இடம் இருக்கிறவர்கள் அந்த அடிக்கன்றைப் போன்ற விதைநாற்று ஒன்றைத் தனியாக வாங்கி ஓரமாக நட்டுவைக்கலாம். பெயரில்லாத மரம், விலையும் அற்பம். அதன் அக்டோபர் எந்த நிறத்தில் இருக்கும் என்று விற்பவருக்கும் தெரியாது.