ஆய்வுக் கட்டுரையும் அறிவு நேர்மையும்

நுழையும்முன்

பள்ளியில் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரையை மதிப்பெண் பெறுவதற்கான பணிகளுள் ஒன்றாகவே பலரும் கருதுகின்றனர். உண்மையில், விடை தெரியாத ஒன்றை மாணவர் தாமே தேடிக் கண்டறிவதற்குக் கிடைக்கும் முதல் வாய்ப்பு அது. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும் முறையையும், அம்முறைக்கு அடிப்படையாக அமையும் நேர்மையையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

‘உங்கள் ஊர் நீர்நிலையைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதுக’ என்று பதினொன்றாம் வகுப்பில் ஒரு பணி தரப்படுகிறது எனக் கொள்வோம். வந்துசேரும் கட்டுரைகளுள் பல ஒரே அமைப்பில் இருக்கும். நீரின் இன்றியமையாமை முதலில் வரும். மூவேந்தர் காலத்து நீர் மேலாண்மை அடுத்து வரும். மழைநீர்ச் சேகரிப்பை வலியுறுத்தி முடிவுரை அமையும். இருபது பக்கங்களும் வண்ணப் படங்களும் அழகிய மேலட்டையும் இருக்கும். ஆனால், அந்த ஊரின் கண்மாய் மட்டும் அதில் இராது. ஊர்ப்பெயரை நீக்கிவிட்டு வேறோர் ஊரின் பெயரை இட்டாலும் கட்டுரை பொருந்திவிடும். எல்லா ஊர்களுக்கும் பொருந்தும் கட்டுரை எந்த ஊரைப் பற்றிய ஆய்வும் ஆகாது.

இதற்கு மாணவரை மட்டும் குறைகூறுதல் முறையன்று. தலைப்பையும் பக்க அளவையும் ஒப்படைக்க வேண்டிய நாளையும் அறிவித்துவிட்டால் வழிகாட்டும் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் வழக்கமும் இதற்குக் காரணமாகும். இருபது பக்கம் கேட்கப்படும் இடத்தில் இருபது பக்கமே கிடைக்கும். ஆய்வு கிடைப்பது அரிது.

வினாவே தொடக்கம்

அத்தகைய கட்டுரை ஒன்றை எழுதிவந்த மாணவியிடம் ஆசிரியர், “இதில் உனக்கு ஏற்கெனவே தெரியாதது எது?” என்று கேட்கிறார். மாணவி சிறிது நேரம் யோசிக்கிறாள். “எங்கள் ஊர்க் கண்மாய்க்கு மூன்று மடை இருக்கிறது, அம்மா. அதில் கீழமடை மட்டும் கண்மாய் பெருகினாலும் திறப்பதில்லை. அந்த மடைக்குக் கீழே முன்பு வயல் இருந்ததாம். இப்பொழுது கருவேலங்காடாகக் கிடக்கிறது. ஏன் என்று தெரியவில்லை” என்கிறாள்.

ஆய்வு இங்கேதான் தொடங்குகிறது. ‘நீர்நிலைகளின் சிறப்பு’ என்பது தலைப்பு; ‘கீழமடைப் பாசனம் எப்போது, ஏன் நின்றது?’ என்பது வினா. தலைப்புக்கு ஏற்ற செய்திகளைப் பிறர் நூல்களிலிருந்து தொகுத்துவிடலாம். வினாவுக்கு உரிய விடையைத் தேடித்தான் பெற வேண்டும். வினாவைத் தாமே சொல்லிவிடாமல், மாணவியின் வாயிலிருந்து வரும்வரை காத்திருந்ததே அவ்வாசிரியரின் வழிகாட்டுதல்.

தமிழ் ஆய்வுலகில் பெருந்திருப்பம் ஒன்றும் இவ்வாறே ஒரு வினாவில் தொடங்கியது. 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சாமிநாதர் சந்தித்தார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள் முதலியவற்றை அவர் அடுக்கிக் கூறியபோது, பழைய நூல்களைப் படித்தது உண்டா என்று முதலியார் வினவினார். சீவக சிந்தாமணியைத் தாம் அதுவரை படித்ததில்லை என்பதை உ.வே.சா. உணர்ந்தார், அதனை மறைக்கவில்லை. அறியாமையை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையே சுவடிதேடும் நெடும்பயணத்துக்கு வழிவகுத்தது. சமணக் கருத்துகள் விளங்காதபோது சமணர்களின் இல்லம் தேடிச் சென்று கேட்டறிந்தார். 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சேறியது.

சான்றுகளைத் தேடுதல்

வினா அமைந்தபின் சான்றுகளைத் தேட வேண்டும். மாணவி முதலில் செய்ய வேண்டியது கண்மாய்க்கரையில் நடப்பதே. மடை கல்லால் ஆனதா, செங்கல்லால் ஆனதா? அது மண்ணால் தூர்ந்துள்ளதா, சுவரெழுப்பி அடைக்கப்பட்டுள்ளதா? மடையிலிருந்து புறப்படும் வாய்க்கால் எதுவரை தெரிகிறது? இவற்றைப் பார்த்த நாளோடும் இடத்தோடும் குறித்துக்கொள்ள வேண்டும். அன்றே எழுதாத குறிப்பு ஒரு வாரத்தில் ஊகமாக மாறிவிடும்.

அடுத்து, மக்களிடம் கேட்க வேண்டும். வயல்களுக்கு நீர் பகிர்ந்துவிட்ட நீர்ப்பாய்ச்சி, கீழமடைப் பாசனத்தில் பயிரிட்ட உழவர், அவ்வயல்களில் நாற்று நட்ட மகளிர் என ஒவ்வொருவரின் நினைவும் ஒவ்வொரு பக்கத்தைக் காட்டும். ‘மூத்தவள் பிறந்த வருசம்’ என்றும், ‘பெருமழை பெய்த வருசம்’ என்றும் அவர்கள் சொல்லும் காலக்குறிப்புகளைத் தள்ளிவிடாமல், அவை எந்த ஆண்டைக் குறிக்கின்றன எனக் கணக்கிட வேண்டும்.

மூன்றாவதாக, ஆவணங்கள். எந்தப் புல எண்ணில் எந்தப் பயிர் விளைந்தது என்பதைக் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு ஆண்டுதோறும் குறிக்கிறது. அதில் ஆண்டுகள் பசலிக் கணக்கில் இருக்கும். பசலி 1400 என்பது 1990 ஜூலை முதல் 1991 ஜூன் வரையிலான காலமாகும். கீழமடை வயல்களில் பசலி 1400 வரை நெல் என்றும், 1401 முதல் தரிசு என்றும் இருப்பதாகக் கொள்வோம். நெல் நின்ற காலத்துக்கு அது வலுவான சான்று. ஆனால், மடை அடைபட்ட காலத்துக்கு அதுவே சான்றாகிவிடாது. வரத்துக்கால் தூர்ந்ததாலோ, ஆட்கள் வெளியூர் சென்றதாலோ உழவு நின்றிருக்கலாம். சான்று சொல்வதை மட்டும் எழுதுதலும், அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதிருத்தலும் ஆய்வாளர்க்கு இன்றியமையாதன.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியம் குறிப்பிடப்படுகிறது. அச்செய்தியை எடுத்துக்கொண்டு, தம் ஊர்க் கண்மாயையும் அக்காலத்தில் வாரியம் பேணியது என்று எழுதிவிடுவோர் உண்டு. உத்திரமேரூரின் சான்று உத்திரமேரூருக்கே உரியது.

சான்றுகள் முரண்படும்போது

மடை வெள்ளத்தில் உடைந்து தூர்ந்தது என்கிறார் ஒரு பெரியவர். சாலை போட்டபோதுதான் அது அடைபட்டது என்கிறார் மற்றொருவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தி, ஊரிலுள்ள ஒரு குடும்பத்தின் பெயரைச் சொல்லி, “அவர்கள் செய்த வேலைதான் இது” என்கிறார்.

மாணவி திகைக்கும் இடம் இது. சுவையான செய்தி மூன்றாவதுதான்; அதை எழுதினால் கட்டுரை பலராலும் பேசப்படும். ஆயினும், ஒருவர் சொல்லை மட்டும் நம்பி ஒரு குடும்பத்தின் மீது பழி எழுதுவது ஆய்வாகாது, அது புறங்கூறுதலாகும். நாளை அக்குடும்பத்துப் பிள்ளையும் அதே வகுப்பறையில் அமர்ந்து அக்கட்டுரையைப் படிக்கக்கூடும். எழுத்தில் ஏறிய பழி எளிதில் அழியாது. எனவே, புல வரைபடமோ வேறு ஆவணமோ உறுதிப்படுத்தும்வரை அச்செய்தி குறிப்பேட்டிலேயே இருத்தல் வேண்டும்.

மற்ற இரு கூற்றுகளையும் என்செய்வது? ஒன்றை மறைத்து மற்றொன்றை மட்டும் எழுதுவது எளிது. இரண்டையும் எழுதி, எதற்கு எவ்வளவு சான்று உண்டு எனக் காட்டுவதே முறை. சுவடிகளில் ஒரே பாடல் வேறுபட்டுக் காணப்பட்டபோது பதிப்பாசிரியர்கள் பாடவேறுபாடுகளைத் தனியே குறித்துவைத்தனர். பின்வருவோர் மீண்டும் ஆராய்வதற்கு அதுவே கதவைத் திறந்துவைத்தது.

பெற்றதைச் சொல்லுதல்

கேட்டறிந்தவை, படித்தறிந்தவை ஆகியவற்றின் மூலத்தைக் குறிப்பிடுதல் வெறும் சடங்கன்று. நச்சினார்க்கினியர் தம் சிந்தாமணி உரையில் எடுத்தாண்ட மேற்கோள்கள் பல எந்த நூலுக்கு உரியவை என்று தெரியாமல் உ.வே.சா. பெரிதும் இடர்ப்பட்டார். உரையாசிரியர் காலத்துக் கற்றோர்க்கு அவை நன்கு தெரிந்திருக்கலாம். பல நூற்றாண்டுகள் கடந்தபின் அவற்றின் இடத்தைக் காண ஒருவர் சுவடி சுவடியாகத் தேட நேர்ந்தது. மூலத்தைச் சொல்லாமல் விடும் எழுத்து, பின்வருவோரின் வழியை மறைத்துவிடுகிறது.

இணையத்திலிருந்தோ நூலிலிருந்தோ ஒரு பத்தியை எடுத்துத் தம் எழுத்தாகக் காட்டுவது களவு என்பதை மாணவர் அறிவர். அறிந்தும் செய்வதற்குக் காரணம், ‘என் சொந்த நடை நன்றாக இராது’ என்னும் அச்சமே. தாமே கண்டதைத் தம் நடையில் எழுதிய ஐந்து பக்கம், இரவல் நடையில் அமைந்த ஐம்பது பக்கத்தினும் உயர்ந்தது என்று மதிப்பிடும் ஆசிரியரால் மட்டுமே அவ்வச்சத்தைப் போக்க முடியும்.

நேரம் எங்கே?

தேர்வுச் சுமைக்கிடையே கண்மாய்க்கும் அலுவலகத்துக்கும் அலைய நேரமேது என்று கேட்கப்படலாம். இக்கேள்வி நியாயமானது. அதற்கு விடை, ஆய்வைக் கைவிடுவதன்று. அதன் அளவைச் சுருக்குவதே. ஒரு மடை, ஒரு வினா, நான்கு பேரின் கூற்று, ஒரு பதிவேடு ஆகியவை பள்ளி ஆய்வுக்குப் போதும். படியெடுத்த கட்டுரை நேரத்தை மிச்சப்படுத்தலாம். ஆனால் அறிவைத் தேடுதல் பிறர் வேலை, தம் வேலை படியெடுத்தலே என்னும் பழக்கத்தை அது இளம் மனத்தில் ஊன்றிவிடும்.

மாணவியின் முடிவுரை இவ்வாறு அமையலாம்: “கீழமடை வயல்களில் 1991க்குப் பின் நெல் பயிரிடப்படவில்லை எனப் பதிவேடு காட்டுகிறது. மடை அடைபட்ட காரணம் குறித்து இருவேறு கூற்றுகள் உள்ளன. எது சரி என்று இவ்வாய்வால் உறுதிசெய்ய இயலவில்லை.” இம்முடிவைக் குறையென்று எண்ணலாகாது. அறிந்ததற்கும் அறியாததற்கும் இடையே தெளிவாக வரப்பிட்டுக் காட்டிய ஆய்வு அது. அடுத்த ஆண்டு அதே வகுப்பில் அமரும் மாணவர், அவ்வரப்பிலிருந்தே தம் தேடலைத் தொடங்கலாம்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு விடை தெரியாத மூன்று வினாக்களை எழுதி, அவற்றுள் ஒரு மாதத்தில் ஆராயத்தக்க ஒன்றைத் தேர்ந்தெடுக்க.
2. ஒரே நிகழ்வைப் பற்றி முதியோர் இருவரிடம் தனித்தனியே கேட்டு, அவர்தம் கூற்றுகள் ஒன்றுபடும் இடங்களையும் வேறுபடும் இடங்களையும் அட்டவணைப்படுத்துக.
3. ‘உறுதிசெய்ய இயலவில்லை என்பதும் ஓர் ஆய்வு முடிவே’ – வகுப்பறையில் கலந்துரையாடுக.