காய்ச்சலுக்கு முன் கணக்கு

2024 நவம்பர் இறுதியிற் பெய்த பெருமழை யாழ்ப்பாணத்து வயல்களை மூழ்கடித்தது. டிசம்பரில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைக் கொண்டு சென்றது. முதலில் அதனை இன்னதெனத் தெரியாத காய்ச்சல் என்றார்கள். பெயர் தெரியுமுன்னரே பிணம் விழுந்தது.

வெள்ளத்தின் பின் எலிக்காய்ச்சல் வருமென்பது புதிய ஞானமன்று. 2008ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் 7,000 பேருக்கு மேல் அந்நோய் கண்டதாகப் பதிவாயிற்று. மழையளவு, வயல்வேலைக் காலம், முன்வாரங்களின் நோயாளர் தொகை ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு பிரிவையும் வாரந்தோறும் 'அபாயம்', 'அபாயமில்லை' என வகுக்கும் புள்ளிவிபர முறைகள் இன்று உள்ளன. அவற்றை நாம் வரவேற்கிறோம்.

ஆனால் ஏமாறலாகாது. ஆண்டின் 52 வாரங்களில் இரண்டில் மட்டுமே நோய் பரவுமாயின், எப்பொழுதும் 'அபாயமில்லை' என்றே ஓதும் கணக்கு 50 வாரம் சரியாயிருக்கும்! நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளி பெறும் அக்கணக்கு ஒரு கமக்காரனையும் காவாது. வந்த நோயில் எத்தனையை முன்கூட்டிச் சொன்னது என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

பொய் எச்சரிக்கையின் நட்டம் சில டொக்சிசைக்கிளின் மாத்திரைகள். தவறிய எச்சரிக்கையின் நட்டம் ஒரு குடும்பத்தின் உழைப்பாளி. ஐயம் எழுந்தால் மணி அடிக்கட்டும். (ஓயாது அடித்தால் எவரும் செவிகொடார் என்பதையும் நாம் மறந்தோமில்லை.)

காலபோக மழைக்கு முன்னரே இக்கணிப்பு பிரிவு பிரிவாக ஆயத்தமாகவேண்டும். தமிழில் எழுதப்பெற்று, அதே வாரத்திற் கமக்காரர் அமைப்புக்களைச் சேரவேண்டும். மாத்திரையும் அன்றே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கையில் இருக்கவேண்டும்.