திகனவை வகுப்பறைக்குக் கொண்டு வருவோம்

அளவையியலும் விஞ்ஞான முறையும் கற்பிக்கும் நம் எல்லோருக்கும் ஜோன் ஸ்டுவர்ட் மில் பழக்கமானவர். 1843இல் வெளிவந்த அவரது அளவையியல் நூலிலிருந்து ஒற்றுமை முறையையும் வேற்றுமை முறையையும் உயர்தர மாணவர்களுக்கு ஆண்டுதோறும் நடத்துகிறோம். அதே மில் 1859இல் தனிமனித சுதந்திரம் பற்றி எழுதிய நூலை மட்டும் அரசறிவியல் ஆசிரியர்களிடம் விட்டுவிடுகிறோம். சரியாகச் சிந்திப்பதையும் சுதந்திரத்தை மதிப்பதையும் இப்படிப் பிரித்துக் கற்பிப்பது தவறு. கண்டி மாவட்டத்தின் திகனவில் நடந்தது அதைத்தான் காட்டுகிறது.

2018 பெப்ரவரி 22ஆம் திகதி தெல்தெனியவில் வீதித் தகராறு ஒன்றில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் தாக்கப்பட்டார். தாக்கியதாகச் சந்தேகிக்கப்பட்ட முஸ்லிம் இளைஞர்கள் கைதாயினர். மார்ச் தொடக்கத்தில் சாரதி வைத்தியசாலையில் உயிரிழந்தார். அந்தக் கொடுமைக்கு யார் பொறுப்பு என்று விசாரிக்க நீதிமன்றம் இருந்தது. ஆனால் மார்ச் 5ஆம் திகதி, அவருடைய இறுதிச் சடங்கு நாளில், திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. எரிந்த வீடொன்றில் சிக்கி ஓர் இளைஞர் இறந்தார். மறுநாள் அவசரகால நிலை பிரகடனமானது.

தீ வைத்த கூட்டத்தின் வாதத்தைக் கரும்பலகையில் நியாயத்தொடையாக எழுதிப் பாருங்கள். சாரதியைத் தாக்கியவர்கள் முஸ்லிம்கள். இந்தக் கடைக்காரர் முஸ்லிம். ஆகவே இந்தக் கடைக்காரர் தாக்கியவர்களில் ஒருவர். மத்திய பதம் இரண்டு எடுகூற்றுகளிலும் வியாப்தி அடையவில்லை என்று மாணவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களை அடுத்த படிக்கு அழைத்துச் செல்வது நம் கடமை. ஒருவர் தம் செயலுக்கே பொறுப்பாளி, தம் இனத்தவர் செய்ததற்கு அல்ல. வாதத்தில் போலியாகத் தெரிவதே வாழ்வில் அநீதியாகிறது.

தமிழராகிய நாம் இந்த வாதத்தின் இரு பக்கத்தையும் அறிந்தவர்கள். 1983 ஜூலையில் யாழ்ப்பாணத் திருநெல்வேலியில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதற்கு, அதோடு எந்தத் தொடர்பும் இல்லாத தமிழர்கள் கொழும்பிலும் கண்டியிலும் விலை கொடுத்தார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை ஒட்டுமொத்தமாக வெளியேற்றியபோது அதே போலி தமிழரின் பெயரால் அரங்கேறியது. முதலாவதை மட்டும் உதாரணம் காட்டும் ஆசிரியர் பாதிப் பாடத்தையே நடத்துகிறார்.

திகனவுக்குச் சில நாட்கள் முன்னர் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகக் கதை பரவிப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அது வெறும் மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வில் பின்னர் தெரியவந்தது. ஆய்வுகூடத்தில் சோதிக்கக்கூடிய கருதுகோள் அது. சோதனை முடியும்வரை பொறுக்கத்தான் ஆளில்லை.

அப்படியானால் பேச்சையே அடக்கிவிடலாமா? மில் இதற்கு ஓர் எல்லை வகுத்தார். தானிய வியாபாரிகள் ஏழைகளைப் பட்டினி போடுகிறார்கள் என்று பத்திரிகையில் எழுதலாம். வியாபாரியின் வீட்டு வாசலில் கொதித்து நிற்கும் கூட்டத்திடம் அதையே சொன்னால் தண்டிக்கலாம். திகன நாட்களில் வன்முறையைத் தூண்டிய பதிவுகள் அந்த வாசலில் எழுந்த குரல்களே. தன் தளம் அதற்குப் பயன்பட்டதற்காக 2020 மே மாதம் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கோரியது.

எல்லையின் மறுபக்கத்துக்கும் கண்டியிலேயே உதாரணம் உண்டு. முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்பைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் எதிர்கொள்ள வேண்டும் என்று முகநூலில் எழுதிய கட்டுகஸ்தோட்டை ரம்ஸி ராசிக் 2020 ஏப்ரலில் கைதாகி, ஐந்து மாதங்கள் வரை தடுத்து வைக்கப்பட்டார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. ஒரு கருத்து பிடிக்காமல் போவதும் அது தீங்கைத் தூண்டுவதும் வேறு வேறு என்பதை அதிகாரத்தில் இருப்பவர்களும் படித்தாக வேண்டும்.

ஆகவே ஆசிரிய நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். போலிகள் பற்றிய அலகில் பாடநூல் உதாரணங்களோடு நின்றுவிடாதீர்கள். திகன, 1983, 1990 மூன்றையும் ஒரே பாடவேளையில் நியாயத்தொடைகளாக எழுதச் சொல்லுங்கள். இறந்த சாரதிக்கும் இறந்த இளைஞருக்கும் சம மதிப்புக் கொடுங்கள். முடியுமானால் அருகிலுள்ள சிங்கள மொழிமூல ஆசிரியரோடு சேர்ந்து அந்தப் பாடத்தைத் தயாரியுங்கள். ‘எல்லோரும்’ என்று தொடங்கும் வாக்கியத்தைக் கேட்டதும் ‘யார் யார்?’ என்று திருப்பிக் கேட்கும் மாணவரை உருவாக்குவதே நம் பாடத்தின் பயன்.