பில் வரும் வேளை

மார்கழி பிறந்துவிட்டால் சென்னைப் பட்டணத்தில் இரண்டு வகை ரசிகர்கள் வெளிப்படுவார்கள். ஒரு வகையினர் சங்கீத சபைகளுக்குக் கச்சேரி கேட்கப் போகிறவர்கள். மற்றொரு வகையினர் அதே சபைகளின் வளாகத்தில் கொட்டகை போட்டு நடக்கும் சிற்றுண்டிச் சாலைக்குப் போகிறவர்கள். முன்னவர்கள் ராகத்தைப் பற்றிச் சர்ச்சை செய்வார்கள். பின்னவர்கள் ரசத்தைப் பற்றிச் சர்ச்சை செய்வார்கள். அடியேன் எந்த வகை என்று நேயர்கள் கேட்டால், உபாத்தியாயர் பொய் சொல்லலாகாது என்பதனால், இரண்டாவது வகை என்று ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1927-ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதையொட்டி ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. அதன் பயனாக 1928-ல் சங்கீத வித்வத் சபை, அதாவது இன்று நாம் மியூசிக் அகாடமி என்று வழங்குவது, தோன்றியது. பிறகு சபைகள் பெருகின. டிசம்பர் மாதமே சங்கீத மாதமாயிற்று. அந்த மகாநாட்டைக் கூட்டிய பெரியோர்கள், தாங்கள் இட்ட விதையிலிருந்து தலைவாழை இலைச் சாப்பாடும் கீரை வடையும் அசோகா அல்வாவும் முளைக்கும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

பள்ளிக்கூடங்களுக்கு அரையாண்டுப் பரீட்சை விடுமுறை வருவதும் அந்தச் சமயத்தில்தான். ஆகவே, ஒரே கல்லூரியில் படித்த நாங்கள் ஐந்து பேர், ஆண்டுக்கு ஒரு நாள், ஏதாவது ஒரு சபையின் சாப்பாட்டுக் கொட்டகையில் கூடுவது வழக்கம். ஒருவர் வக்கீல். ஒருவர் பாங்கில் அதிகாரி. ஒருவர் மருந்துக் கம்பெனியில் பெரிய உத்தியோகஸ்தர். ஒருவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஐந்தாவது அடியேன்.

"வீட்டில் இல்லாத எதை அங்கே கண்டீர்கள்?" என்று என் மனைவி கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். வீட்டில் யாராவது ஒருவர் பரிமாற நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் கேள்வி கேட்டவரேதான். ஹோட்டலில் எல்லாரும் உட்காரலாம். பேச்சை நடுவில் அறுத்துக்கொண்டு எழுந்திருக்க வேண்டியதில்லை. கல்லூரி விடுதியில் தின்ற வேகாத சப்பாத்தியைப் பற்றி நாங்கள் இருபத்தைந்து ஆண்டுகளாகச் சிரித்து வருகிறோம். அந்தச் சிரிப்பு இன்னும் தீர்ந்தபாடில்லை.

2022-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்படி ஒரு நாள் கூடினோம். இலை போட்டார்கள். பிழை திருத்தும் நண்பன் மட்டும், "எனக்கு வயிறு சரியில்லை, ஒரு தோசையும் காபியும் போதும்" என்றான். "சங்கீதக்காரனுக்கு வயிறு கெடுவது சகஜம்" என்று வக்கீல் நண்பர் கேலி செய்தார். எங்கள் ஐவரில் உண்மையாகவே கச்சேரி கேட்கிறவன் அவன் ஒருவன்தான். நாங்கள் நால்வரும் அல்வாவை இரண்டாம் முறை வரவழைத்தோம். பில் வந்தது. சாப்பாட்டுக்கு 2,800 ரூபாய். நூற்றுக்கு ஐந்து வீதம் வரி 140. ஆக மொத்தம் 2,940. ஐந்தால் வகுத்துச் சொல்ல வேண்டியது கணக்கு வாத்தியாரின் கடமையாயிற்றே! "ஆளுக்கு 588" என்று உரக்கச் சொன்னேன். நண்பன் பேசாமல் எடுத்துக் கொடுத்தான். ஒரு தோசைக்கும் ஒரு காபிக்கும் 588 ரூபாய் கொடுக்கிறான் என்பது, கணக்குப் போட்ட எனக்கு அப்போது தோன்றவில்லை.

2023-ல் அவன் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று செய்தி மட்டும் வந்தது. நாங்கள் நால்வரும் சாப்பிட்டோம். சிரிப்புக்கு ஏனோ சுருதி சேரவில்லை. இரண்டு நாள் கழித்து, அனுமதி இலவசம் என்று அறிவித்திருந்த ஒரு பிற்பகல் கச்சேரிக்குத் தற்செயலாகப் போனேன். கடைசி வரிசையில் அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு டிபன் டப்பா.

கச்சேரி முடிந்ததும் மரத்தடிக்கு அழைத்துப் போய், "ஏனப்பா, உடம்பு சரியில்லை என்றாயே?" என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு சொன்னான்: "உடம்புக்கு ஒன்றுமில்லை. பெண்ணுக்குக் காலேஜ் பணத்தின் இரண்டாம் தவணை இந்த மாதம்தான் கட்ட வேண்டும். உங்களோடு வந்தால் என் பங்கைக் கொடுக்க முடியவில்லை. கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னால், என்னால் உட்கார முடியவில்லை. அதனால்தான் வரவில்லை."

அவனுக்கு என்ன பதில் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் திரும்பி வருகையில் என் பாட்டனார் சொல்லும் ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. 1930-களில் அவர் தம் சிநேகிதர் ஒருவரோடு ரயிலில் போனாராம். வழியில் ஒரு நிலையத்தில் பசிக்கு இறங்கினார்கள். சிற்றுண்டிச் சாலையில் பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம். ஒரே பெஞ்சியில் தோளோடு தோள் உரச வந்த இருவரும், இட்லி தின்ன மட்டும் ஆளுக்கு ஒரு பக்கம் போனார்கள். "பசி ஒன்று, இட்லி ஒன்று, சாம்பார் ஒன்று, கதவு மட்டும் இரண்டு" என்பார் பாட்டனார். மறுபடி வண்டியில் ஏறியபோது இருவரும் வெகு நேரம் முகம் பார்த்துப் பேசவில்லையாம்.

ரயில் நிலையங்களில் இருந்த அந்தப் பாகுபாடு, பெரியாரின் கிளர்ச்சிக்குப் பின் 1941-ல் ஒழிந்தது. 1950-ல் அமலுக்கு வந்த நமது அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகிய எதன் பெயராலும் கடைகளிலோ பொது உணவகங்களிலோ ஒருவரையும் தடுக்கக்கூடாது என்று விதித்தது. இவ்வளவு பெரிய தேசத்தின் சட்டத்தை எழுத உட்கார்ந்தவர்கள், ஹோட்டல் வாசலையும் மறக்காமல் குறித்து வைத்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது அற்ப விஷயமல்ல என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆயினும், பணப்பை எழுப்பும் சுவர் ஒன்று இருக்கிறது. அதை இடிக்க எந்தச் சட்டசபையும் மசோதா கொண்டுவர இயலாது. நண்பர்களே பார்த்து இடித்தால்தான் உண்டு. அந்தச் சுவரில் "ஆளுக்கு 588" என்று ஒரு செங்கல் வைத்தவன் நானல்லவா?

நண்பனிடம் அனுமதி பெற்றே மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னேன். வக்கீல் நண்பர் கண் கலங்கி, "இனிமேல் அவன் பங்கை நானே கொடுத்துவிடுகிறேன்" என்றார். மனம் நல்ல மனந்தான். ஆனால் ஆண்டுதோறும் ஒருவர் கொடுத்து மற்றவர் வாங்கிக்கொண்டால், சில நாளில் இருவரும் நண்பர்களாக இருக்கமாட்டார்கள். தருமப் பிரபுவும் யாசகருமாக ஆகிவிடுவார்கள். பாங்கு நண்பர், "அவரவர் தின்றதற்கு அவரவர் கொடுப்போம். கைப்பேசியில் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்" என்றார். கணக்கு தீரும், வாஸ்தவந்தான். ஆனால் நான்கு பேர் இலையில் பாயசம் ஓட, ஐந்தாமவன் காபியைச் சிறுகச் சிறுகக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தீராது.

கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஆண்டுக்கு ஒருவர் விருந்தளிப்பது. எந்த இடம், என்ன சாப்பாடு என்பதை அந்த ஆண்டு விருந்தளிப்பவரே தம் சக்திக்கேற்றபடி தீர்மானிப்பது. மற்றவர்கள் அதற்கு மறுப்புச் சொல்வதோ சட்டைப் பையில் கை விடுவதோ கூடாது. முறையைப் பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல அகர வரிசையில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். அந்த வரிசையில் பிழை திருத்தும் நண்பனின் பெயரே முதலாவதாக வந்தது. வராவிட்டால் வேறொரு வரிசையைக் கண்டுபிடித்திருப்பேன்.

2024 டிசம்பரில் அவன் எங்களைச் சைதாப்பேட்டைக்கு அழைத்துப் போனான். சின்னக் கடை. இட்லியும் வடைகறியும். கடலைப் பருப்பைக் கரகரப்பாக அரைத்து, வேகவைத்து உதிர்த்து, வெங்காயமும் தக்காளியும் சோம்பும் பட்டையும் சேர்ந்த குழம்பில் ஊறவிட்டு இட்லியின் தலையில் ஊற்றினார்கள். ஆவி பறந்தது. நண்பன் ஒவ்வொருவர் தட்டையும் பார்த்துப் பார்த்து, "இவருக்கு இன்னும் இரண்டு வை, அவருக்குக் கறி போடு" என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான். இரண்டு ஆண்டுகளாக அந்தக் குரலை நாங்கள் கேட்டதில்லை. வக்கீல் நண்பர் கூச்சமே இல்லாமல் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். விடுதிச் சப்பாத்தியும் பேச்சில் வந்து சேர்ந்தது.

பில் வந்தது. ஐந்து பேருக்கும் சேர்த்து 560 ரூபாய். முன்பு ஒருவர் பங்காக நான் அறிவித்த தொகையைவிடக் குறைவு. நண்பன் வாங்கிப் பார்த்தான், கொடுத்தான். நாங்கள் நால்வரும் கையைக் கழுவப் போனோம்.

இந்த விடுமுறையில் சிநேகிதர்களோடு ஹோட்டலுக்குப் போகும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். "வயிறு சரியில்லை" என்று காபியோடு நிறுத்திக்கொள்கிறவர் யாராவது உங்கள் பந்தியில் இருந்தால் அவரைக் கேலி செய்யாதீர்கள், காரணமும் கேட்காதீர்கள். அடுத்த முறை இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை மட்டும் அவரிடம் விட்டுப் பாருங்கள். வயிறு தானாகச் சரியாகிவிடும்.

எங்கள் ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை இருப்பதாக வக்கீல் நண்பர் ஆட்சேபிக்கிறார். அகர வரிசையில் என் பெயர் கடைசி. என் முறை 2028-ல்தான் வருகிறது. நல்ல எண்ணத்தோடுதான் அந்த வரிசையைச் சொன்னேன் என்று எவ்வளவு சத்தியம் செய்தும் அவர் நம்ப மறுக்கிறார்.